வளவில் புரொஜெக்டர்: படம் வராதபோது எங்கே பார்ப்பது

எங்கள் செட்டிநாட்டுப் பக்கத்துப் பெரிய வீடுகள் ஆண்டில் பாதி நாள் பூட்டிக் கிடக்கும். கல்யாணம், படைப்பு, பிள்ளையார் நோன்பு என்று ஏதாவது வந்தால் ஒரே நாளில் நிறைந்துவிடும். அப்படி நிறையும்போது சென்னையிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ வருகிற ஒருவர் பெட்டிக்குள் ஒரு புரொஜெக்டரையும் வைத்துக்கொண்டு வருகிறார். வளவில், அதாவது வீட்டு நடுவே வானம் திறந்த முற்றத்தைச் சுற்றிய இடத்தில், ஜமக்காளம் விரித்து, பிள்ளைகளை உட்கார வைத்து, ஏழு மணிக்குச் சுவிட்சைப் போட்டால் நீலத் திரை. ஏழேகாலுக்கு என் கைப்பேசி அடிக்கும்.

காரைக்குடியில் டிவி, டெக் (வீடியோ நாடா ஓட்டும் பெட்டி) பழுதுபார்த்தே முப்பது ஆண்டு ஓட்டியவன் நான். இப்போது டிவி கெட்டால் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்குகிறார்கள். எனக்கு வருவதெல்லாம் இந்த ஏழேகால் மணி அழைப்புகள்தான். போன வீடுகளில் புரொஜெக்டரே கெட்டிருந்தது மிகக் குறைவு. புரொஜெக்டரை டிவி என்று நினைத்ததால் வந்த கோளாறுகளே அதிகம்.

டிவி ஒரே பெட்டிக்குள் பல வேலைகளைச் சத்தமில்லாமல் பார்த்து வந்தது. ஆண்டெனா வயரிலிருந்து சேனலைப் பிரித்தது. எத்தனையோ வகைத் துளைகளைத் தாங்கியது. ஒலிபெருக்கி வைத்திருந்தது. பழைய நாடாவின் நடுங்கும் படத்தைப் பொறுத்துக்கொண்டது. புரொஜெக்டர் இவற்றில் பெரும்பாலானவற்றைச் செய்யாது. அது லென்ஸ் பொருத்திய ஒரு விளக்கு. டிவி விட்டுப்போன வேலையை யாராவது எடுத்துக்கொள்ள வேண்டும். எந்த வேலையை யாரும் எடுத்துக்கொள்ளவில்லை என்பதைத்தான் கீழே உள்ள ஒவ்வொரு அறிகுறியும் சொல்கிறது.

அறிகுறிக்குப் போகும் முன் ஒரு சோதனை. செட்டாப் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு போய்ப் புரொஜெக்டர் பக்கத்திலேயே வையுங்கள். படமும் ஒலியும் சேர்ந்து போகும் எச்டிஎம்ஐ கேபிள், ஒன்றரை மீட்டரில் ஒன்றை இரண்டுக்கும் நடுவே நேராகச் செருகுங்கள். பிரிப்பான், மாற்றி, ஒலிபெருக்கி, நீளக் கேபிள் எதுவும் நடுவில் வேண்டாம். படம் வந்தால் புரொஜெக்டரும் பாக்ஸும் நல்லவை. குற்றவாளி நீங்கள் கழற்றி வைத்த பொருள்களில் ஒன்று. அவற்றை ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்த்து வாருங்கள். எதைச் சேர்த்தவுடன் படம் போகிறதோ அதுதான். இதைச் செய்யாமல் ரிமோட்டை எடுத்து மெனுவுக்குள் நுழைந்தவர்கள் அந்த இரவு வெளியே வந்ததில்லை.

நீலத் திரை, 'நோ சிக்னல்' என்று நிற்கிறது

எளியதை முதலில் பாருங்கள். புரொஜெக்டர் ரிமோட்டில் 'சோர்ஸ்' அல்லது 'இன்புட்' பொத்தானை அழுத்தி, கேபிள் செருகியிருக்கும் துளையின் பெயரையே தேர்ந்தெடுங்கள். எச்டிஎம்ஐ 1, எச்டிஎம்ஐ 2 என்று இரண்டு இருந்தால் டார்ச் அடித்துப் பின்புற எழுத்தைப் படியுங்கள். பிறகு எல்லாவற்றையும் அணைத்து, முதலில் புரொஜெக்டரையும், அதில் விளக்கு எரிந்த பிறகு பாக்ஸையும் போடுங்கள். எச்டிஎம்ஐ இணைப்பில் திரையும் பாக்ஸும் தொடக்கத்தில் ஒன்றையொன்று விசாரித்துக்கொள்கின்றன. திரை தனக்கு என்னென்ன படவகை தெரியும் என்று சொல்ல, பாக்ஸ் அதற்கேற்ப அனுப்புகிறது. பாக்ஸ் கேட்ட நேரத்தில் திரை உறங்கிக்கொண்டிருந்தால் சில பாக்ஸ்கள் பிறகு கேட்பதே இல்லை.

இதிலும் வரவில்லை என்றால், கேபிளின் மறுமுனை எங்கே இருக்கிறது என்று கேட்பேன். கானாடுகாத்தானில் ஒரு வீட்டு மாப்பிள்ளை, முகப்பில் இருந்த புது டிவியின் முதுகிலிருந்து எச்டிஎம்ஐ கேபிளை இழுத்துப் புரொஜெக்டரில் செருகியிருந்தார். "டிவியில் படம் ஓடுகிறதே அண்ணே, அதுதானே இங்கேயும் வர வேண்டும்?" என்றார். வராது. டிவியில் மூன்று எச்டிஎம்ஐ துளை இருந்தாலும் மூன்றும் உள்ளே வரும் வாசல்தான். செட்டிநாட்டு வீட்டுக்கு முன்தெருவில் ஒரு வாசல், பின்தெருவில் ஒரு வாசல் உண்டு. டிவிக்குப் பின்தெரு வாசல் கிடையாது. 'ஏஆர்சி' என்று எழுதிய துளை மட்டும் ஒலியைத் திருப்பி அனுப்பும், படத்தை அனுப்பாது. ஆகவே படம் டிவியிலிருந்து அல்ல, டிவிக்குப் படம் கொடுக்கும் பொருளிலிருந்து புறப்பட வேண்டும்: செட்டாப் பாக்ஸ், டிஸ்க் பிளேயர், ஸ்ட்ரீமிங் ஸ்டிக். ஸ்மார்ட் டிவிக்கு உள்ளேயே இருக்கும் செயலிகளின் படம் அந்தக் கண்ணாடியைத் தாண்டி வராது. அதற்குப் புரொஜெக்டரில் தனியாக ஒரு ஸ்டிக் வேண்டும்.

மாப்பிள்ளை அடுத்து வாங்கி வந்தது ஒரு 'சுவிட்ச்'. வேண்டியது 'ஸ்பிளிட்டர்'. இரண்டும் கடைக் கண்ணாடிக்குப் பின்னால் அண்ணன் தம்பி போலவே இருக்கும். ஒரு பாக்ஸின் படத்தை டிவிக்கும் புரொஜெக்டருக்கும் பிரிப்பது ஸ்பிளிட்டர். ஒரு வாசல் உள்ளே, இரண்டு வெளியே. மூன்று பொருள்களில் எதைப் பார்ப்பது என்று தேர்ந்தெடுப்பது சுவிட்ச். பல உள்ளே, ஒன்று வெளியே. இரண்டு திசையிலும் ஓடும் மலிவான வகை ஒன்றும் உண்டு. அது ஒரு நேரத்தில் ஒரு திரைக்குத்தான் படம் தரும்.

மஞ்சள், வெள்ளை, சிவப்புப் பின்கள் உள்ள பழைய பெட்டி என்றால் ஏவியை எச்டிஎம்ஐ ஆக்கும் சிறு மாற்றி வேண்டும். இதுவும் ஒருவழிப் பாதை. ஏவியிலிருந்து எச்டிஎம்ஐ, எச்டிஎம்ஐயிலிருந்து ஏவி என்று இரு தனிப் பொருள்கள், ஒரே அளவு, பெரும்பாலும் ஒரே கறுப்பு. மேலே அம்புக்குறியுடன் 'இன்', 'அவுட்' என்று எழுதியிருப்பதைப் பார்த்து வாங்குங்கள். யூஎஸ்பி வயரில் 5 வோல்ட் மின்சாரம் கொடுக்காவிட்டால் அது உயிர் பெறாது.

மொட்டை மாடி ஆண்டெனா வயரையோ, கேபிள்காரர் இழுத்து விட்ட வட்ட வயரையோ நேராகப் புரொஜெக்டரில் செருக முடியுமா என்றும் கேட்கிறார்கள். சேனல் பிரிக்கும் டியூனர் புரொஜெக்டரில் பெரும்பாலும் இருக்காது. வயர் பாக்ஸுக்குள் போய், பாக்ஸிலிருந்து படம் வர வேண்டும்.

படம் வந்து வந்து போகிறது, பொரி பொரியாகத் தெறிக்கிறது

இது எங்கள் வீடுகளின் நீளத்துக்கே உரிய வியாதி. பாக்ஸ் முகப்பில், திரை வளவில், நடுவே ஒரு நிலைக்கதவு, இரண்டு தூண், ஒரு தாழ்வாரம். சுற்றிச் சுற்றி இழுத்தால் பதினைந்து மீட்டர். சாதாரணச் செம்பு எச்டிஎம்ஐ கேபிள் 4கே எனும் மிகத் துல்லியமான படத்தை நொடிக்கு 60 பிரேம் வீதம் நம்பிக்கையாகத் தாங்குவது ஏறக்குறைய ஐந்து மீட்டர்தான். 1080 வரிப் படமென்றால் நல்ல கேபிள் பத்து மீட்டர்வரை போகும். அதற்கு மேல் அதிர்ஷ்டம்.

காசு செலவில்லாத வைத்தியம் ஒன்று: பாக்ஸின் அமைப்பில் படத்தின் அளவை 4கேயிலிருந்து 1080க்கும், அதிலும் தெறித்தால் 720க்கும் இறக்குங்கள். தெறிப்பு நின்றால் நோய் கேபிளில் இருக்கிறது. இரவைக் கடத்த இது போதும். சில மலிவான புரொஜெக்டர்கள் '1080 ஐ' (1080i) என்ற பின்னல் வகைப் படத்தை வாங்காது, அல்லது ஓடும் பந்தைச் சீப்புப் பல் போலக் காட்டும். செட்டாப் பாக்ஸ்கள் பல அந்த வகையில்தான் வைத்திருக்கும். 720பி அல்லது 1080பி ஆக்கினால் சரியாகிவிடும்.

நிலையான ஏற்பாட்டுக்கு இரண்டு வழி. ஒன்று, உள்ளே கண்ணாடி இழை ஓடும் ஒளிக்கேபிள். அதற்குத் திசை உண்டு. 'சோர்ஸ்' என்று எழுதிய முனை பாக்ஸிலும், 'டிஸ்ப்ளே' என்று எழுதிய முனை புரொஜெக்டரிலும் போக வேண்டும். மாற்றிச் செருகினால் செத்த கேபிள் போலக் கிடக்கும். கூர்மையாக மடித்தால் முறியும். நம் வீட்டு நிலைக்கதவு மூடும்போது நடுவில் மாட்டினால் கேட்கவே வேண்டாம். இன்னொன்று, இரு முனையிலும் சிறு பெட்டி வைத்து நடுவே கேட்-6 நெட்வொர்க் வயர் இழுப்பது. 1080 படம் ஐம்பது மீட்டர்கூடப் போகும் பெட்டிகள் இருக்கின்றன. வளவுக்குப் பின்னால் உள்ள இரண்டாம் கட்டைத் தாண்டிப் பின்தெருவுக்கே போகலாம். வயர் முழுச் செம்பாக இருக்க வேண்டும். செம்பு பூசிய அலுமினிய வயரை விலை குறைவு என்று வாங்கினால் பழைய கதையே திரும்பும்.

என் சொந்த யோசனை இவை இரண்டும் அல்ல. நீளக் கேபிளுக்குப் பதில் பாக்ஸையே வளவுக்குக் கொண்டு வாருங்கள். நீண்டு போவது கேபிள்காரரின் வட்ட வயராக இருக்கட்டும். தூரம் போவதற்கென்றே செய்த வயர் அது.

ஸ்பிளிட்டர் போட்டதும் டிவியில் படம் மங்கிவிட்டது, அல்லது புரொஜெக்டர் கறுத்துவிட்டது

4கே டிவியும் 1080 புரொஜெக்டரும் ஒரே ஸ்பிளிட்டரில் தொங்கினால், பல ஸ்பிளிட்டர்கள் இரண்டுக்கும் பொதுவான குறைந்த அளவையே பாக்ஸிடம் கேட்கும். பந்தியில் இரண்டு பேருக்கும் ஒரே பரிமாறல். டிவியில் படம் தாழ்வது கோளாறு அல்ல.

முழுக் கறுப்பு என்றால் பெரும்பாலும் எச்டிசிபி எனும் நகல் தடுப்புப் பூட்டு. 4கே நிகழ்ச்சிகள் கேட்பது 2.2 பதிப்பு, பழைய புரொஜெக்டருக்குத் தெரிந்தது 1.4. பாக்ஸை 1080க்கு இறக்கினால் பெரும்பாலும் வழிவிடும். 4கே ஸ்பிளிட்டர் வாங்குவதாக இருந்தால் 2.2 என்று அட்டையில் இருக்கிறதா என்று பாருங்கள்; சில ஸ்பிளிட்டர்கள் ஒவ்வொரு வாசலுக்கும் தனி அளவில் படம் தரும், விலை கூடுதல்.

நிறம் இல்லை, நிறம் தவறு, படம் உருளுகிறது

கறுப்பு வெள்ளையாக வந்தால் மஞ்சள் பின் தவறான துளையில் இருக்கிறது. பச்சை, நீலம், சிவப்பு என்று மூன்று துளை உள்ள வரிசை காம்பொனென்ட். அதன் பச்சையில் மஞ்சளைச் செருகினால் ஒளி மட்டும் வரும், நிறம் வராது. இன்னொரு குழப்பம்: அந்த வரிசையின் சிவப்பு படம், ஏவி வரிசையின் சிவப்பு ஒலி. அதைச் செருகிவிட்டுச் சத்தத்துக்காகக் காத்திருந்தவர்கள் உண்டு.

செட்டாப் பாக்ஸில் ஒரு சிறு வட்டத் துளையும், அதற்கு மூன்று பின்னாகப் பிரியும் வயரும் இருந்தால், எந்த நிறத்தில் எது வரும் என்பதற்கு உலகத்தில் ஒரே விதி கிடையாது. வேறு பொருளோடு வந்த வயரைப் போட்டால் படம் சிவப்புப் பின்னில் வரலாம். மூன்று பின்களையும் மஞ்சள் துளையில் ஒவ்வொன்றாகச் செருகிப் பாருங்கள். படம் எதில் வருகிறதோ அதுதான் உங்கள் மஞ்சள்.

உருண்டு ஓடினால், அல்லது நிறம் இல்லாமல் நடுங்கினால், பால், என்டிஎஸ்சி தகராறு. (நாம் காய்ச்சும் பால் அல்ல, நம் நாட்டுப் பழைய டிவி முறையின் பெயர்.) பழைய அனலாக் டிவிக் கணக்கில் இந்தியா, சிங்கப்பூர், மலேசியா, இலங்கை எல்லாம் பால் முறை, அமெரிக்காவும் ஜப்பானும் பர்மாவும் என்டிஎஸ்சி. மாற்றியின் பக்கவாட்டில் இதற்கு ஒரு சிறு சுவிட்ச் இருக்கும், இல்லாவிட்டால் புரொஜெக்டர் மெனுவில் 'ஆட்டோ' வையுங்கள். டிஸ்க் பிளேயரின் அமைப்பில் யாரோ 'பி-ஸ்கேன்' என்று மாற்றி வைத்திருந்தாலும் மஞ்சள் பின்னில் படம் நின்றுவிடும்.

எச்டிஎம்ஐயில் படம் முழுக்க இளஞ்சிவப்பாகவோ பச்சையாகவோ வந்தால் முதலில் கேபிளைக் கழற்றி அழுத்திச் செருகுங்கள். போகவில்லை என்றால் பாக்ஸில் 'ஆர்ஜிபி', 'ஒய்சிபிசிஆர்' என்று இருப்பதில் மற்றதை வையுங்கள்.

படம் வருகிறது, ஆனால் வெளிறிக் கிடக்கிறது; எழுத்து கலங்குகிறது

வெளிச்சத்தில் எங்கள் வீடுகளுக்கு நிகர் இல்லை. வளவின் நடுவே வானம் திறந்து கிடக்கிறது, தரையில் ஆத்தங்குடிக் கல் பளபளக்கிறது. மாலை ஐந்தரைக்குப் போட்டுப் பார்த்துவிட்டு விளக்கு போய்விட்டது என்று சொன்னவர் இருக்கிறார். புரொஜெக்டரால் கறுப்பைப் பாய்ச்ச முடியாது. திரையில் விழும் வேறு வெளிச்சம்தான் அதற்குக் கறுப்பு. சூரியன் போகட்டும். எதிர்த் தூணில் எரியும் டியூப் லைட்டையும் அணையுங்கள்.

சுவர் அடுத்தது. சுண்ணாம்போடு முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்து இழைத்த எங்கள் சுவர், தொட்டால் கண்ணாடி. பார்க்க அழகு, படம் காட்ட ஆகாது. நடுவில் ஒரு வெளிச்சப் பொட்டு விழுந்து, உட்காரும் இடத்துக்குத் தக்கபடி நகரும். பளபளப்பில்லாத வெள்ளைதான் நல்ல திரை. திரை வாங்கும்வரைக்கும் ஓர் எட்டு முழ வெள்ளை வேட்டி போதும். அகலம் ஏறக்குறைய 127 சென்டிமீட்டர். நூறு அங்குலப் படத்தின் உயரம் 125. கரை இல்லாததாக, கஞ்சி போட்டுத் தேய்த்ததாக இருக்கட்டும். மெல்லிய துணியில் வெளிச்சம் பின்னால் போய்விடும், அதனால் பின்னே ஒரு கறுப்புப் போர்வையும் தொங்கட்டும். கயிற்றைத் தூணில் கட்டுங்கள். பர்மா தேக்கில் ஆணி அடிக்காதீர்கள். நூறு ஆண்டு நின்ற தூண், மூன்று மணி நேரப் படத்துக்காக ஓட்டை வாங்க வேண்டியதில்லை.

தூரக் கணக்கு இது: நூறு அங்குலப் படத்தின் அகலம் ஏழேகால் அடி. புரொஜெக்டர் பெட்டியில் 'த்ரோ ரேஷியோ' என்று ஓர் எண் இருக்கும். அதை அகலத்தால் பெருக்கினால் வைக்க வேண்டிய தூரம். 1.2 என்றால் எட்டே முக்கால் அடி, 1.5 என்றால் பதினோரு அடி. பக்கவாட்டில் வைத்துவிட்டு 'கீஸ்டோன்' கொண்டு சதுரமாக்கினால் படம் நேராகும், ஆனால் புள்ளிகள் வீணாகும், ஓர் ஓரம் மங்கும். ஒரு முக்காலியை நேர் நடுவில் போடுவது அதைவிட மேல். படம் தலைகீழாகவோ, எழுத்துகள் கண்ணாடியில் பார்த்ததுபோல் இடம் வலமாகவோ வந்தால் மெனுவில் 'ப்ரொஜெக்‌ஷன்' என்ற இடத்தில் 'ஃப்ரண்ட், டேபிள்' வையுங்கள். முன்பு வைத்திருந்தவர் கூரையிலோ திரைக்குப் பின்னாலோ வைத்திருக்கிறார்.

எவ்வளவு திருப்பினாலும் சின்ன எழுத்து தெளியவில்லை என்றால் பெட்டியில் 'நேட்டிவ்' என்று எழுதியிருப்பதைப் படியுங்கள். '1080 சப்போர்ட்' என்றால் அந்த அளவுப் படத்தை வாங்கிக்கொள்ளும் என்று மட்டுமே பொருள். உள்ளே இருப்பது 800க்கு 480 புள்ளியாக இருக்கலாம். இதற்கு வைத்தியம் இல்லை, படத்தைச் சிறிதாக்கலாம். மலிவு விலையில் வரும் சின்னப் பெட்டிகள் பலவற்றின் கதை இதுதான். விற்பவர்கள் பெரிய எழுத்தில் போடுவது சப்போர்ட்டை, சின்ன எழுத்தில் நேட்டிவை.

கிரிக்கெட்டில் கீழே ஓடும் ஸ்கோர் வெட்டுப்பட்டால் 'ஓவர்ஸ்கேன்' நிறுத்துங்கள். ஆள்கள் குண்டாகத் தெரிந்தால் படவிகிதத்தை 4:3 ஆக்குங்கள்.

படம் இருக்கிறது, சத்தம் இல்லை. அல்லது சத்தம் பின்னால் வருகிறது

பாக்ஸ் டால்பி வகை ஒலி அனுப்ப, புரொஜெக்டருக்கு அது புரியாமல் போவதுதான் முதல் காரணம். பாக்ஸின் ஒலி அமைப்பில் 'பிசிஎம்' அல்லது 'ஸ்டீரியோ' வையுங்கள். பாதி வீடுகளில் வேலை இங்கேயே முடிகிறது.

மீதி வீடுகளில் சத்தம் வருகிறது, ஆனால் புரொஜெக்டருக்குள்ளிருந்து, கொசு பாடுவதுபோல். வளவு முழுக்கக் கேட்க வேண்டுமென்றால் வீட்டில் ஏற்கெனவே இருக்கும் ஆம்பிளிஃபயரைத் தேடுங்கள். செட்டாப் பாக்ஸ் பல எச்டிஎம்ஐயில் படம் போகும்போதே ஏவி துளையிலும் ஒலியைத் தந்துகொண்டிருக்கும். வெள்ளை, சிவப்பை ஆம்பிளிஃபயருக்குக் கொடுங்கள், மஞ்சள் தொங்கட்டும். புரொஜெக்டரில் காதொலித் துளை இருந்தால் அதிலிருந்தும் எடுக்கலாம். பிறகு புரொஜெக்டரின் ஒலியை முழுக்க அடக்குங்கள், இல்லாவிட்டால் இரண்டு இடத்திலிருந்து எதிரொலி கேட்கும். கல் தரை, உயரக் கூரை, சுற்றிலும் சுவர்: எதிரொலிக்கு இங்கே ஏற்கெனவே பஞ்சமில்லை. ஒலிபெருக்கியைத் திரைக்கு இருபுறமும் வைத்து, ஜமக்காளத்தை இரட்டையாக விரித்தால் பேச்சு தெளிவாகும்.

டிவி சவுண்ட்பாரை எடுத்து வந்தால் அது 'ஏஆர்சி' கேட்கும். புரொஜெக்டரில் பெரும்பாலும் அது இல்லை. பாக்ஸிலிருந்து ஆப்டிகல் வயரில் கொடுங்கள்.

உதடு அசைந்து சற்று நேரம் கழித்துப் பேச்சு வந்தால் புளூடூத் ஒலிபெருக்கிதான். ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு முதல் கால் நொடிவரை அது பிந்தும். வயர் போடுங்கள். பேச்சு முந்தி, படம் பிந்தினால் புரொஜெக்டர் படத்தைச் சீர்செய்ய நேரம் எடுக்கிறது. 'கேம் மோட்' வைத்தால் குறையும்.

உர்ர்ர் என்ற இரைச்சல். உலோக விளிம்பைத் தொட்டால் சுள்ளென்கிறது

இதைச் சிரித்துவிட்டுப் போகாதீர்கள். ஒலிபெருக்கியில் இடைவிடாத உறுமலும், படத்தில் மெல்ல மேலேறும் பட்டையும் சேர்ந்து வந்தால், இணைந்த பொருள்கள் வெவ்வேறு எர்த்தில் நிற்கின்றன. ஆம்பிளிஃபயர் முகப்புப் பிளக்கில், புரொஜெக்டர் இரண்டாம் கட்டிலிருந்து இழுத்த பிளக்கில், கேபிள்காரர் வயர் தெருக்கம்பத்தில். எல்லாவற்றையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பெட்டியில் செருகுங்கள். இன்னும் உறுமினால், பாக்ஸிலிருந்து கேபிள்காரரின் வயரை மட்டும் கழற்றிக் கேளுங்கள். உறுமல் நின்றால் அந்த வயரில் போட்டு எர்த் தொடர்பைத் துண்டிக்கும் ஐசொலேட்டர் ஒன்று போதும். உறுமல் நிற்கட்டும் என்று மூன்று பின் பிளக்கின் எர்த் பின்னை வெட்டியவர்களை நான் பார்த்திருக்கிறேன். உயிரை வைத்து விளையாடுவது அது.

சுள்ளென்றால் எல்லாவற்றையும் அணைத்து, மின்பிளக்குகளை முதலில் பிடுங்கிவிட்டுப் பிறகுதான் மற்ற வயர்களைத் தொட வேண்டும். பழைய வீடுகளில் வயரிங்கில் எர்த்தே இல்லாத பிளக்குகள் உண்டு. எர்த் குழி இருந்தும் கோடையில் வறண்டு, உப்பும் கரியும் கல்லாகிக் கிடப்பதும் உண்டு. இதை வயர்மேன் மீட்டர் வைத்துப் பார்க்க வேண்டும். புரொஜெக்டர் மெனுவில் தேடக்கூடாது.

சிங்கப்பூரிலிருந்தும் மலேசியாவிலிருந்தும் வரும் பொருள்களின் பட்டைப் பின்னுக்கு நல்ல மாற்றுப் பிளக் போதும், மின்னழுத்தம் நம்முடையதுதான். அமெரிக்காவிலிருந்து வந்தால் முதலில் முதுகைப் படியுங்கள். 100-240 என்று இருந்தால் பயமில்லை. வெறும் 120 என்று இருந்தால் அப்படியே செருகியவுடன் புகை.

தானாக அணைகிறது

காற்றுத் துளையை வேட்டியோ தலையணையோ அடைத்திருக்கும், வடிகட்டியில் செம்மண் தூசி அப்பியிருக்கும். தூரிகையால் தட்டுங்கள். இன்வெர்ட்டரில் ஓட்டுவதானால் வாட்டைப் பாருங்கள்; பழைய விளக்கு வகை 200 முதல் 300 வாட்வரை இழுக்கும். அந்த வகையில் மின்சாரம் சட்டென்று போனால் உடனே திரும்பப் போடாதீர்கள், தூக்கவும் வேண்டாம், ஆறட்டும்.

கைப்பேசிப் படம் கறுப்பாகிறது. ஸ்டிக் அடிக்கடி விழித்தெழுகிறது

கைப்பேசித் திரையை அப்படியே அனுப்பும்போது புகைப்படம் வந்து, ஓடிடி படம் மட்டும் கறுத்தால் அது நகல் தடுப்பு. ஸ்டிக்கில் அதே செயலியைத் திறந்து பாருங்கள். கைப்பேசியின் டைப்-சி துளையிலிருந்து எச்டிஎம்ஐ எடுப்பதும் எல்லாக் கைப்பேசியிலும் நடக்காது.

ஸ்டிக் தானாக அணைந்து அணைந்து எழுந்தால், அதற்கான மின்சாரத்தைப் புரொஜெக்டரின் யூஎஸ்பி துளையிலிருந்து எடுத்திருப்பீர்கள். பெரும்பாலும் அரை ஆம்பியர்தான் கிடைக்கும் அங்கே. ஸ்டிக்கோடு வந்த அடாப்டரையே போடுங்கள். படம் வட்டம் சுற்றிக்கொண்டு நின்றால் வைஃபை. முகப்பில் வைத்த ரூட்டர் எங்கள் சுவர்களைத் துளைத்து இரண்டாம் கட்டுக்கு வராது. நிலைக்கதவுகளைத் திறந்து வைத்து, ரூட்டரை வளவு பார்த்த ஜன்னலுக்கு மாற்றுங்கள்.

பழைய கல்யாண நாடா: டிவியில் ஓடியது, புரொஜெக்டரில் வரவில்லை

பள்ளத்தூரில் ஓர் ஆச்சி, தம் கல்யாண நாடாவைப் பேத்திகளுக்குப் பெரிதாகக் காட்ட வேண்டும் என்று கூப்பிட்டிருந்தார். டெக் ஓடியது, பழைய குழல் டிவியில் படமும் வந்தது. மாற்றி வழியாகப் புரொஜெக்டருக்குக் கொடுத்தால் இரண்டு நொடி படம், பத்து நொடி நீலம். "டிவிக்குத் தெரிகிறது, இந்த விலை கொடுத்து வாங்கியதற்குத் தெரியவில்லையா தம்பி?" என்றார் ஆச்சி. நியாயமான கேள்வி. நாடா இழுபட்டு, படத்தின் கால ஒழுங்கு நடுங்குகிறது. குழல் டிவி அந்த நடுக்கத்தோடேயே சேர்ந்து ஆடும். மாற்றி ஒழுங்கு கேட்கிறது. கிடைக்காவிட்டால் படமே இல்லை என்று முடிவு கட்டிவிடுகிறது.

முதலில் டெக்கின் 'டிராக்கிங்' பொத்தானைத் திருகிப் பாருங்கள். டெக்கின் தலையைத் துடையுங்கள். அப்படியும் விட்டு விட்டு வந்தால், டிவிடி ரெக்கார்டர் ஒன்றைத் தேடுங்கள். பிளேயர் அல்ல, ஏவி உள்வாங்கி எச்டிஎம்ஐ வெளிவிடும் ரெக்கார்டர். அது நாடாவின் படத்தைத் தனக்குள் வாங்கி ஒழுங்குபடுத்தி வெளியே விடும். புதிதாகக் கிடைப்பது அரிது. எனக்குக் காரைக்குடியில் பழைய சாமான் கடை ஒன்றில் பித்தளை விளக்குகளுக்கு நடுவே கிடைத்தது. ஆச்சி வீட்டில் அதைத்தான் நடுவில் வைத்தேன். நீலம் வரவே இல்லை. ஆண்டெனாத் துளை மட்டும் உள்ள மிகப் பழைய டெக் என்றால் டியூனரும் ஏவி வெளியீடும் உள்ள ஒரு பெட்டி நடுவில் வேண்டும்.

போடும் முன் நாடாவின் ஜன்னல் வழியே டார்ச் அடியுங்கள். வெள்ளைத் தூள் தெரிந்தால் பூஞ்சை. டெக்கில் போடக்கூடாது, அடுத்த நாடாவுக்கும் அது ஒட்டும். நாடாவின் முதுகுப்பக்கம் ஓர் ஓரத்தில் சிறு பிளாஸ்டிக் துண்டு இருந்தால் உடைத்துவிடுங்கள். அது இருக்கும்வரை கை தவறி 'ரெக்கார்ட்' அழுத்தினால் மாப்பிள்ளை அழைப்பின் மேல் வேறு ஏதாவது ஏறிவிடும். ரெக்கார்டரில் காலி டிஸ்க் போட்டுப் பதிவையும் அதே ஓட்டத்தில் தொடங்கிவிடுங்கள்.

வேட்டியை முழுதாக நிரப்ப ஆசைப்படாதீர்கள். அந்த நாடாவில் இருப்பது குறைந்த விவரம். நூறு அங்குலத்தில் முகம் கரையும். புரொஜெக்டரை முன்னால் நகர்த்தி அறுபது அங்குலமாக்கி, 4:3 வைத்து, பிள்ளைகளை முன்வரிசைக்கு அழைத்துக்கொள்ளுங்கள். ஆச்சிக்கு நாற்காலி பக்கவாட்டில் வேண்டாம், நேர் எதிரே போடுங்கள்.